கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் மாறும்போது சக்கர நாற்காலி உதவி: சில வருட அனுபவம்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு, சென்னைக்குப் போய்ப் பினாங்கு திரும்பும் ஒவ்வொரு முறையும் சக்கர நாற்காலி கேட்டே பயணம் செய்கிறோம். நடுவில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் மாற வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: அந்த உதவி காலுக்குத்தான், கடிகாரத்துக்கு இல்லை.

நாற்காலி இருந்தால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். குடிநுழைவு முகப்பில் நீண்ட வரிசை தப்புவது உண்மைதான். ஆனால் நேரம் அதற்கு முன்பே போய்விடுகிறது. ஏறும்போது நம்மை முதலில் ஏற்றுவார்கள், இறங்கும்போது கடைசியில்தான். மொத்த விமானமும் காலியாகும் வரை இருக்கையிலேயே இருக்க வேண்டும். பிறகு வாசலில் ஆளுக்காகக் காத்திருப்பு. சென்னை, திருச்சி விமானங்களில் வயதானவர்கள் அதிகம். நாற்காலிகள் வரிசையாக நின்றாலும் தள்ளுவதற்கு ஆள் போதாமல் போவதுண்டு.

அதற்கு மேல் தூரம். முனையம் ஒன்றில் வெளிநாட்டு விமானங்கள் பல துணைக் கட்டடத்தில்தான் நிற்கும். அங்கிருந்து பிரதான கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு கட்டடத்துக்கும் இடையே 1998-இல் ஓடத் தொடங்கிய ஏரோட்ரெயின் என்ற ரயில் 2023 மார்ச்சில் நின்றுபோனது; புதிய ரயில் வந்தது 2025 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் பஸ்தான். அம்மா ஒவ்வொரு படியிலும் வலியைக் கடித்துக்கொண்டு ஏறியதை மறக்க முடியாது. இப்போது நாற்காலி நேராக ரயிலுக்குள்ளேயே உருண்டு போகிறது. எவ்வளவு நிம்மதி!

டிக்கெட் எடுக்கும்போதே உதவியைக் கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. ‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் மூன்று வகை இருக்கிறது. படி ஏற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் ‘ஆர்’. படியே ஏற முடியாது என்றால் ‘எஸ்’. இருக்கை வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் ‘சி’. கட்டடத்தோடு இணைக்கும் பாலம் இல்லாத இடத்தில் விமானம் நின்று, படியில் ஏறி இறங்க வேண்டி வந்தால் இந்த ஒரு எழுத்துதான் பேசும். ‘எஸ்’ என்று பதிந்திருந்தால் நாற்காலியோடு விமான வாசல் வரை தூக்கும் வண்டியை ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. கௌரவம் பார்த்து ‘ஆர்’ போடாதீர்கள்.

ஒரு முறை எங்களைக் காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு, “இன்னொருவர் வருவார்” என்று சொல்லிப் போனார் தள்ளி வந்தவர். யாரும் வரவில்லை. கடைசி அழைப்பு கேட்ட பிறகு நான் கேட்டுக்கு ஓடி ஆளைக் கூட்டி வந்தேன். அதிலிருந்து, கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வருவது யார், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் விடுவதில்லை. கடப்பிதழும் போர்டிங் பாஸும் எப்போதும் என் கையில்தான்.

தள்ளுபவர்களில் பெரும்பாலோர் தங்கமானவர்கள். ஒரு மலாய்க்கார அக்கா, புறப்படும் முன் குனிந்து அம்மாவின் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்து, பாதம் இரண்டும் மிதிபலகையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் பிரேக்கை எடுத்தார். சேலை சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சேலை கட்டிய அம்மாக்களோடு போகிறவர்கள் இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து சித்தி வந்தபோது மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டினர் இணையத்தில் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டையை முன்பே நிரப்பிவிட்டோம். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். நாற்காலியில் வந்தாலும் அதற்கு விலக்கில்லை.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதிலும் ஒன்று முனையம் ஒன்றில், மற்றது இரண்டில் என்றால், வெளியே வந்து, பெட்டி எடுத்து, ரயிலேறி, அங்கே உதவியைப் புதிதாகக் கேட்க வேண்டும். ரயில் பயணம் மூன்றே நிமிடம்தான். மற்றதெல்லாம்தான் நேரத்தைத் தின்னும்.

இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அம்மாவுக்கு நான் எடுப்பதில்லை. மூன்று மணி நேரம் இருந்தால் நிதானமாகக் கழிவறை போய், சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொள்ள முடிகிறது. பினாங்கு விமானத்தில் ஏறும்போது முகத்தில் களைப்பு இருப்பதில்லை.