பள்ளிச் சீண்டல் பற்றிய பெற்றோர் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

மதுரையில் உள்ள உளவியல் ஆலோசனை மையம் ஒன்று, பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்தும் விதங்களைப் பெற்றோருக்கு விளக்கும் அரைநாள் பயிலரங்கை நடத்துகிறது. கட்டணம் 300 ரூபாய். கையேடும் தேநீரும் அதில் அடக்கம்.

நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயஸ் துன்புறுத்தலுக்கு வகுத்த அளவுகோல்களிலிருந்து வகுப்பு தொடங்கியது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. சரிக்குச் சரியாக இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. ஒருவனுடைய சாப்பாட்டு டப்பாவை நான்கு பேர் தினமும் பிடுங்கினால் அதன் பெயர் வேறு. அடி, உதை, பட்டப்பெயர் ஆகியவற்றை விரைவாகக் கடந்தார்கள். அது சரிதான், அவை எல்லோருக்கும் தெரிந்தவையே.

பயிலரங்கின் சிறந்த பகுதி, ஒதுக்கிவைத்தல் பற்றியது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஒரு நாளை விவரிக்கும் தாளைக் கொடுத்து, துன்புறுத்தல் எனத் தோன்றும் வரிகளை அடிக்கோடிடச் சொன்னார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நிற்பது, அவளை மட்டும் விட்டுவிட்டுப் புதிய வாட்ஸ்அப் குழு தொடங்குவது என எல்லாம் அதில் இருந்தும், எங்களில் பெரும்பாலோர் சடையைப் பிடித்து இழுத்த வரியை மட்டுமே குறித்திருந்தோம். இந்தப் பயிற்சிக்காகவே 300 ரூபாய் கொடுக்கலாம்.

ஆனால் சாதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெருங்குறை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பட்டியலின மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. இவ்வளவும் நடந்த தென் மாவட்டங்களுக்கு அருகிலேயே அச்சான கையேட்டில், நம் பள்ளிகள் பலவற்றில் இல்லாத லாக்கர் அறையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. சாதியைப் பற்றி ஒரு தந்தை கேட்டபோது, "அது தனி விஷயம் சார்" என்று பயிற்சியாளர் நகர்ந்துவிட்டார். கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஒருவனைத் தினமும் வரிசையின் பின்னால் தள்ளுவது, மேலே சொன்ன மூன்று அளவுகோல்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) ஆகியவை பின்னட்டையில் இருந்தாலும், அழைத்தால் என்ன நடக்கும் என்று விளக்கவில்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேல்நிலை வகுப்புப் பெற்றோர், கையேடு திருத்தப்படும்வரை காத்திருக்கலாம்.