கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிக்கு எந்தப் படம்?

அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, நலங்கு முடிந்ததும் டெண்டுக்குள் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போடலாம் என்று வீட்டில் முடிவானது. எந்தப் படம் என்பதைத் தாய்மாமன் பார்த்துக்கொள்ளட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். கடைசியில் தேறியவை ஐந்து: கபாலி, ஜகாட், மைக்கேல் மதன காமராஜன், மெய்யழகன், திருவிளையாடல். நான் போட்டது திருவிளையாடல். இதே பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் உதவட்டும் என்று ஐந்தையும் அலசுகிறேன், ஆனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசலில் ரோட்டை அடைத்து டெண்ட். எண்பதைத் தாண்டிய பாட்டி, அவரோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தோழிகள், கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து இறங்கிய மாமா சித்தப்பா குடும்பங்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், தேசியப் பள்ளியில் படிப்பதால் தமிழைக் காதால் மட்டும் பிடிக்கிற பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏதோ சாமான் கொடுக்க வந்து அப்படியே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டவர்கள். இதில் ஒருவர்கூடப் படம் பார்க்க வந்தவர் இல்லை. காய் வெட்ட வேண்டும், தாம்பூலப் பை கட்ட வேண்டும், யாரோ டோல் தாண்டிவிட்டேன் வழி சொல் என்று போன் பண்ணுவார், சமையல்காரர் இன்னொரு கேஸ் சிலிண்டர் கேட்பார், ஒரு குழந்தை அழும், அதைப் பார்த்து இன்னொன்று அழும்.

அதனால் யாருக்கு என்ன ரசனை என்று யோசிப்பது இங்கே வீண் வேலை. நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: பாதியில் எழுந்து போனவர் இருபது நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரை நோண்டாமல் அவரால் படத்துக்குள் போக முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் கல்யாண வீட்டுக்கு ஆகாது. ஒருவர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார், இன்னொருவர் விளக்குவார், அந்த விளக்கத்தில் மூன்றாமவர் வசனத்தைக் கோட்டை விடுவார், அப்புறம் அவர் கேட்பார். அரை மணி நேரத்தில் படம் ஒரு பக்கம் ஓடும், கூட்டம் ஒரு பக்கம் பேசும். தோட்டத்துத் திடலில் படம் போட்ட காலத்திலும் இப்படித்தான் என்று பாட்டி சொல்வார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நிற்க வேண்டியவர்கள் பாதியிலேயே லயத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள், மீதிக் கதையை மறுநாள் பால் நிறுக்கிற இடத்தில் கேட்டுக்கொள்வார்கள். அவருக்குப் பல படங்களின் முடிவு இன்றுவரை காதால் கேட்டதுதான்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

கபாலியைத்தான் இளவட்டங்கள் ஒரே குரலில் கேட்டார்கள். காரணம் புரிகிறது. பா. ரஞ்சித் இயக்கி 2016இல் வந்தது, கதை நடப்பது நம் நாட்டில், தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்து மேலே வந்த ஆள் கதாநாயகன், அதை ரஜினி செய்கிறார். மலாய் மொழியிலும் டப் செய்து வெளியிட்டார்கள். நம் திரையரங்குகளில் மட்டும் கடைசியில் கபாலி போலீஸில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டு முடித்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நண்பர்கள் மட்டும் கூடியிருந்தால், அதுவும் இவர்கள் பேசுவது நம் ஊர்ப் பேச்சா இல்லையா என்று படம் முழுக்க வாதாடுகிற நண்பர்கள் என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் கதை முன்னும் பின்னும் தாவும். இது சிறைக்குப் போவதற்கு முன்னாலா பின்னாலா, மனைவி இருக்கிறாளா இல்லையா என்று ஒரு தடவை விட்டால் போச்சு. துப்பாக்கியும் ரத்தமும் பெண் வீட்டு வாசலில் வேண்டாமே என்று அக்கா சொன்னார், அதற்குமேல் நான் பேசவில்லை.

ஜகாட் எனக்கு ரொம்பப் பிடித்த மலேசியத் தமிழ்ப் படம், அதனாலேயே இந்தப் பட்டியலிலிருந்து முதலில் எடுத்தேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 கடைசியில் வந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மொழியை வைத்துப் படங்களைப் பிரிப்பது பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பி அடங்கிய பிறகு, சிறந்த மலேசியத் திரைப்படம் விருது இதற்குக் கிடைத்தது. கதை 1991இல் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய ஒரு குடும்பம், அப்போய் என்ற பையன், படிடா படிடா என்று அடிக்கிற அப்பா, குண்டர் கும்பலுக்குள் போய்விட்ட ஒரு சித்தப்பா. அன்றைக்கு அந்த வயதில் இருந்தவர்கள் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள், எங்கள் டெண்டுக்குள்ளேயே சிலர் இருந்தார்கள். அவர்களை ஒரு நாள் தனியாக உட்காரவைத்துப் போட வேண்டிய படம் இது. அப்பாவும் வளர்ந்த மகனும் சேர்ந்து பார்க்கலாம், பார்த்த பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். நலங்கு மஞ்சள் காய்வதற்குள் போடுகிற படம் மட்டும் அல்ல.

சிரிக்க வைத்தால் போதும் என்றால் மைக்கேல் மதன காமராஜன்தான், இரண்டாவது இடத்தை யோசிக்காமல் அதற்குக் கொடுப்பேன். 1990 தீபாவளிக்கு வந்தது, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமலுக்கு நான்கு வேடம். கல்யாண விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்து சமையல்காரர் காமேஸ்வரன் படுகிற பாட்டை, பின்பக்கம் அண்டா ஏறிக்கொண்டிருக்கிற வீட்டில் போட்டுப் பார்ப்பது தனிச் சுகம். மலை உச்சியில் வீடு ஊசலாடுகிற அந்தக் கடைசிக் கூத்துக்குத் தமிழே தேவையில்லை, சீன நண்பர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ஏன் இரண்டாவது? நான்கு பேரும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதைப் படம் தொடங்கும்போதே ஒரு பாட்டில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டு ஓடுகிற நேரத்தில்தான் கல்யாண வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் அடங்கவே தொடங்கும். அதைத் தவறவிட்டவர் கடைசி வரை இது எந்தக் கமல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொன்று, வசனம் அவ்வளவு வேகம், ஒரு ஜோக்குக்குக் கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். நாலைந்து பேர், நல்ல ஒலி, கதவைச் சாத்திய அறை என்றால் இதற்கு ஈடு கிடையாது.

மெய்யழகனைத்தான் கைவிட எனக்கு மனசே வரவில்லை. 2024இல் வந்தது, பிரேம்குமார் இயக்கம், அரவிந்த்சாமியும் கார்த்தியும். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர், இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்குத் திரும்புகிறார். அங்கே அன்பாய் ஒட்டிக்கொள்கிற உறவுக்காரனின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை, கேட்கவும் வெட்கம். லயத்தை இடித்துச் செம்பனை நட்ட இடத்தைக் காரில் கடக்கும்போது "இங்கதான் நம்ம வீடு" என்று பிள்ளைகளுக்குக் கை காட்டியிருக்கிற எவருக்கும் இந்தப் படம் எங்கே போய்க் குத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டில் பெயர் தெரியாத சொந்தக்காரரைப் பார்த்துச் சிரித்துச் சமாளிப்பது வேறு நமக்குப் பழகிய கலை. எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. ஆனால் படம் முழுக்க இரண்டு பேர் பேச்சு, அதுவும் மெல்லிய பேச்சு. நீளம் அதிகம் என்று வெளியான பிறகு பதினெட்டு நிமிஷம் வெட்டினார்கள், வெட்டியும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல்தான். ஒரே இடத்தில் அசையாமல் உட்காரக் கிடைக்கிற ஆளுக்கான படம். கல்யாணம் முடிந்த மறுநாள், டெண்ட் அவிழ்த்த பிறகு, ஊருக்குக் கிளம்பாமல் மிச்சம் இருக்கிற நாலு பேரோடு பாருங்கள்.

இப்போது திருவிளையாடல். ஏ.பி. நாகராஜன் 1965இல் எடுத்தது, சிவாஜி சிவனாக, சாவித்திரி பார்வதியாக, இசை கே.வி. மகாதேவன். சாமி படம் என்பதால் தேர்ந்தெடுத்தேன் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டில் சைவம், அதற்கும் அது ஒத்துப்போனது உண்மைதான், ஆனால் காரணம் அதன் அமைப்பு. மாம்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு முருகன் மலையேற, சமாதானப்படுத்த வந்த தாய் ஒவ்வொன்றாகச் சொல்கிற நான்கு கதைகள்தான் படம். தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தது, தாட்சாயணி, மீனவப் பெண், ஹேமநாத பாகவதரின் கர்வம் அடங்கியது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் முடிச்சு இல்லை. ஒருவர் தருமி முடிந்ததும் எழுந்து தேங்காய் எண்ணிவிட்டு மீனவப் பெண் கதைக்கு வந்து உட்கார்ந்தால் அவருக்கு எதுவும் குறையாது. போதாததற்குக் கதை எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். அடுத்து என்ன என்று யாரும் கேட்கவில்லை, இப்போது பார் இப்போது பார் என்றுதான் பக்கத்தில் இருப்பவரைத் தட்டினார்கள். சீரியலைத் தினமும் பாதியிலிருந்து பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இது இன்னும் சுலபம்.

நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள் முருகனைப் பார்த்துப் பாட ஆரம்பித்ததும் பாட்டி கூட்டம் வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தது, அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. தருமி வந்தபோது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். பள்ளி மேடையில் போட்ட நாடகம், நாகேஷுக்கு முன்னால் இவர்கள் வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். நக்கீரராக நடிப்பது இயக்குநரே என்று சொன்னேன், எனக்குத் தெரியாதா என்று ஒரு மாமா முறைத்தார். தாட்சாயணி பகுதி எனக்கு எப்போதுமே கொஞ்சம் இழுவைதான், தேநீர் ஊற்ற அதை வைத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டைக் கதையா என்று ஒரு பெரியம்மா அங்கேதான் முணுமுணுத்தார். "சேர்ந்துக்கிறாங்கல்ல, அப்புறம் என்ன" என்றார் பாட்டி. மீனவனாக சிவாஜி நடக்கிற நடையை வாண்டுகள் டெண்ட் முழுக்க நடந்து காட்டின, அதில் ஒரு பாத்திரம் உருண்டது. கடைசிக் கதைக்கு டி.எஸ். பாலையா வந்து உட்கார்ந்த தோரணையிலேயே ஆண்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. பாலமுரளிகிருஷ்ணா குரலில் அவர் பாட, பிறகு டி.எம்.எஸ். குரலில் சிவாஜி, பாடகர் அவரே, வாத்தியக்காரர்களும் அவரே என்று திரை நிறைய வந்து நிற்க, அதுவரை போனை விட்டுக் கண்ணெடுக்காத பையன்கள்கூடப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு திரும்பவும் போனுக்குப் போய்விட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வசனம் செந்தமிழ். தேசியப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தருமி பகுதியில் பாதி புரியவில்லை, மீனவக் கதைதான் பிடித்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் பாட்டு வந்தபோது பார்த்தார், மற்ற நேரம் சாப்பிட்டார். வேறு இனத்து நண்பர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றால் காமராஜனுக்கு மாறிவிடுங்கள். சொந்தத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை, எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லா வீடும் அப்படி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாட்டிகள் ஒருவரும் இல்லாமல் முழுக்க இளவட்டம் மட்டும் இருக்கிற கூட்டத்தில் இது எடுபடுமா என்பதும் சந்தேகம்தான். எங்கள் டெண்டில் பாதி ரசிப்பு பாட்டிகளைப் பார்த்து வந்தது. அவர்கள் சிரித்த இடத்தில்தான் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

போடுவதாக இருந்தால் சில விஷயம். பழைய படம், ஒலியில் இரைச்சல் உண்டு, அதனால் டிஜிட்டலில் சுத்தம் செய்த பிரதியாகப் பார்த்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி அத்தனை பேரும் ஒரே வைஃபையில் தொங்கும்போது இணையத்தில் ஓடவிட்டால் தருமி பாதியில் நின்றுவிடுவார். ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் வயதானவர்கள் உட்காருகிற பக்கம் நகர்த்துங்கள், மழை பெய்தால் டெண்டின் மேல் விழுகிற சத்தத்தில் அவர்களுக்குத்தான் முதலில் கேட்காமல் போகும். சாப்பாட்டுக்கு நிறுத்துவதாக இருந்தால் தாட்சாயணி கதை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், பாகவதர் கதைக்கு நடுவில் மட்டும் யார் கேட்டாலும் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்.