லாஃபர்ட்டியைத் தேடுவோருக்கு: பின் அடித்த சிற்றேடா, கெட்டி அட்டைத் தொகுதியா?

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர். ஏ. லாஃபர்ட்டியின் பெயர்பெற்ற நூல்களுக்காக அலைய வேண்டியதில்லை. 1968இல் வெளிவந்த ‘பாஸ்ட் மாஸ்டர்’ நாவலுக்கு மறுபதிப்பு உண்டு. தேர்ந்தெடுத்த சிறுகதைகளை 2019இல் பிரிட்டிஷ் பதிப்பகமான கொலான்ஸ் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. அவை போதுமென்பவர் அங்கேயே நின்றுகொள்ளலாம். அவற்றைத் தாண்டியும் தீராத ஆசை உள்ளவருக்குத்தான் சிக்கல். பெரிய பதிப்பகங்களின் ஆர்வம் வற்றிய எண்பதுகளில், அமெரிக்காவின் அயோவாவில் கிறிஸ் டிரம், கனடாவில் யுனைட்டட் மித்தாலஜிஸ் பிரஸ் போன்ற சிறு முயற்சிகளே அவரை விடாமல் அச்சிட்டன. அவற்றில் பல, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த ஒல்லியான சிற்றேடுகள்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பழைய புத்தக வியாபாரிகளிடம் வாங்குவது ஒரு வழி. அமெரிக்கச் சிறு பதிப்பகமான சென்டிபீட் பிரஸ் குறைந்த பிரதிகளில் வெளியிட்டுவரும் கெட்டி அட்டைச் சிறுகதைத் தொகுதிகளை வாங்குவது மற்றொன்று. நான் முதல் வழியில் போனேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

தொகுதிகளின் தாளும் அச்சும் உயர்தரமானவை. சிதறிக் கிடந்த கதைகள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஆனால் விற்றுத் தீர்ந்த தொகுதிக்குப் பின்னர் சொல்லப்படும் விலை மலைக்க வைக்கிறது. மேலும் அது சிறுகதைகளுக்கான வரிசை. 1986 முதல் 1990 வரை இரண்டிரண்டு அத்தியாயங்களாக ஐந்து சிற்றேடுகளில் வந்த ‘மை ஹார்ட் லீப்ஸ் அப்’ நாவலை அதில் எதிர்பார்க்க முடியாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு தொகுதிதான் என்பதால், அவை நாள்பட எப்படித் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. என் வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு இரும்புப் பின் நெடுநாள் தாங்காது. ‘மிக நல்ல நிலை’ என்ற குறிப்போடு வந்த ஒரு சிற்றேட்டை விரித்தபோது, பின்னின் கால்கள் ஏற்கெனவே துருவேறியிருந்தன. மடிப்பின் இருபுறமும் பழுப்புக் கறை படர்ந்து, நடுத்தாள் கையோடு வந்துவிட்டது. அந்த வியாபாரி அட்டையை மட்டுமே பார்த்து எழுதியிருக்க வேண்டும். முதலில் மனம் நொந்தாலும், சரிசெய்வது எளிது என்று பிறகுதான் தெரிந்தது. மொட்டைக் கத்தியால் உட்புறமிருந்து பின்னின் கால்களை நிமிர்த்தி, தாள் கிழியாமல் மெல்ல எடுத்து, துருத்தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, பழைய நான்கு துளைகளோடு நடுவில் ஐந்தாவதாக ஒன்றைப் போட்டுப் பருத்தி நூலால் தைத்தேன். முடிச்சை உள்மடிப்பில் போட்டதால் வெளியே துருத்தவில்லை. அரைமணி நேர வேலை. கறை போகவில்லை, ஆனால் ஏடு இப்போது தட்டையாக விரிந்து படிக்க வாகாக இருக்கிறது. கெட்டி அட்டைப் புத்தகத்தின் முதுகு விட்டுப்போனால் நான் கைவைக்கத் துணியமாட்டேன். தேர்ந்த பைண்டரைத்தான் தேட வேண்டும்.

இப்படித் தைத்த பிரதிக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர்களுக்குப் பழைய பின்னே வேண்டும், துருப்பிடித்திருந்தாலும். திரும்ப விற்கும் எண்ணமுள்ளவர் கெட்டி அட்டைத் தொகுதியை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருப்பதே நல்லது. (பிரிக்காத புத்தகத்தில் லாஃபர்ட்டி இருந்தென்ன, தொலைபேசிப் பட்டியல் இருந்தென்ன?)

சிற்றேடு வாங்குவோர் பணம் அனுப்பும் முன் நடுப்பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஐந்து பகுதி நாவலாயின், தலைப்போடு அத்தியாய எண்களையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெறும் தலைப்பை நம்பிப் பணம் கட்டிய எனக்கு முதல் பகுதியே இருமுறை வந்து சேர்ந்தது. மூன்றாவது இன்னும் அகப்படவில்லை.