குழந்தையின் வலிக்கு உடனே மருந்து தரவில்லை, பில் மட்டும் வந்தது: பெற்றோர் கவனத்துக்கு

போன மாதம் என் ஆறு வயது மகள் ஊஞ்சலில் இருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. பக்கத்தில் இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பணம் கட்டிய பிறகுதான் ஃபைலே போட்டார்கள். சரி, அது பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் கை அசையாதபடி ஒரு அட்டை வைத்துக்கூடக் கட்டாமல் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனதை மன்னிக்கவே முடியவில்லை. படம் சரியாக விழவில்லை என்று டெக்னீஷியன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். பிள்ளை போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

வலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "இப்பவே கொடுத்தா எங்க வலிக்குதுன்னு தெரியாதும்மா. குழந்தைங்க பயத்துலயே அழுவாங்க" என்றார் டூட்டி டாக்டர். அப்புறம், மயக்க மருந்து தேவைப்படலாம், வாய்வழி எதுவும் கூடாது என்றார்கள்.

இதையெல்லாம் நம்பி யாரும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வலியைக் குறைப்பதால் எலும்பு முறிவு மறைந்துபோகாது. வாய்வழி கூடாதென்றால் பாராசிட்டமாலை ட்ரிப்ஸில் ஏற்றலாம். ஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்தை டாக்டர்கள் மூக்கில் தெளித்தால் ஊசியே இல்லாமல் சில நிமிடங்களில் வலி அடங்கும். பல நாடுகளின் குழந்தைகள் எமர்ஜென்சியில் இது வழக்கமான மருந்து. முதலில் கையை அசையாமல் கட்டினாலே பாதி வேதனை குறையும். பாராசிட்டமால் அளவு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. சிரப் 5 மில்லியில் 125 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு விதமாக வருவதால் லேபிளைப் பார்க்காமல் வீட்டில் ஊற்றாதீர்கள்.

மருந்து கடைசியில், மாவுக்கட்டு போடும் நேரத்தில்தான் வந்தது. ஆனால் பில்லில் 'வலி மேலாண்மை' என்று தனிக் கட்டணம்! கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்கினேன். வந்த நேரத்துக்கு எதிரே 'வலி 2/10', அதாவது பத்துக்கு இரண்டுதான், லேசான வலி என்று எழுதியிருந்தது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகப் படங்களைக் காட்டி, குழந்தையையே கேட்டுப் போட வேண்டிய எண் அது. என் மகளிடம் யாரும் எதையும் காட்டவில்லை.

நகல் தர மறுத்தால் விடாதீர்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. அந்த நகலில் பிள்ளை வந்த நேரத்தையும் முதல் மருந்து கொடுத்த நேரத்தையும் பாருங்கள். அந்த இரண்டையும் குறிப்பிட்டுத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.