மிளகாயில் இலைப்பேனுக்கும் புழுவுக்கும் எது: வேப்பங்கொட்டைக் கரைசலா, ஸ்பைனோசாட் பூச்சிமருந்தா?

முதலில் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இது தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கொடுப்பதுதான் மருந்து. சிலந்திப்பேனுக்கு இந்த இரண்டுமே முதல் தேர்வு இல்லை.

செலவு:
கரைசல்: கொட்டை பொறுக்கினால் காசு மிச்சம், கூலிதான்.
ஸ்பைனோசாட்: விலை கடிக்கும். ஆனால் 45 எஸ்.சி. (45% மருந்து உள்ள திரவம்) 10 லிட்டர் நீருக்கு 3 மில்லி போதும்.

வேலை:
கரைசல்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலக்கணும். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்து நடுவயலில் நிற்க வேண்டியதுதான். அன்றே தெளித்துவிடுங்கள்.
ஸ்பைனோசாட்: அளந்து ஊற்றினால் முடிந்தது.

வேகம்:
கரைசல்: உடனே கொல்லாது, தின்பதையும் தோலுரிப்பதையும் கெடுக்கும். குட்டிப் புழுவுக்குச் சரி, காய்க்குள் புகுந்ததைத் தொடாது. வெயிலில் சிதைவதால் 7–10 நாளில் மறுபடி அடிக்கணும்.
ஸ்பைனோசாட்: ஓரிரு நாளில் புழுவும் இலைப்பேனும் விழும். திரும்பத் திரும்ப இதையே அடித்தால் இலைப்பேன் பழகிக்கொள்ளும். அடுத்த முறை வேறு வகை மருந்து.

இரண்டையும் மாலையில்தான் தெளிக்கணும். ஸ்பைனோசாட் ஈரம் காயும்வரை தேனீக்கு விஷம்.

நாற்று முதல் பூ வரை, தாக்குதல் லேசாக இருந்தால் கரைசல். பூவைத் தட்டினால் உள்ளங்கையில் இலைப்பேன் கொத்தாக ஓடுகிறதா, காயில் ஓட்டை தெரிகிறதா, ஸ்பைனோசாட்.