தஞ்சையில் ஒரு கொத்துக் கணினி: வாங்கிப் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

தஞ்சாவூரில் இயங்கும் எங்கள் கடலோர ஆய்வுக் குழுவுக்காக, எட்டுக் கணுக்கள், அதாவது ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்யும் எட்டுத் தனிக் கணினிகள், கொண்ட கொத்துக் கணினி ஒன்றைத் திருச்சியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அமைத்துத் தந்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைப் போன்ற ஒன்று மீண்டும் வந்தால் கடல்நீர் எந்த ஊர்வரை ஏறும் என்று கணிப்பதும், அதைப் படமாக்கிப் பார்ப்பதுமே இதன் வேலை.

விலைப்புள்ளி கொடுத்த மற்றவர்கள் எல்லோரும் கோர்களின் (செயலிக்குள் கணக்கிடும் அலகுகளின்) எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கணுக்களை இணைக்கும் ஸ்விட்ச் கடைசி வரியில் கிடந்தது. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கடற்பரப்பை முக்கோண வலையாகப் பிரித்து ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு துண்டைக் கொடுத்தால், ஒவ்வொரு காலப்படியிலும் அண்டைத் துண்டுகளின் எல்லையோர நீர்மட்டமும் வேகமும் கைமாறியாக வேண்டும். அவை வந்து சேரும்வரை எவ்வளவு விலையுயர்ந்த செயலியும் சும்மாதான் நிற்கும். வழக்கமான வலையமைப்பு இணைப்பான கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு சிறு செய்தி போய்ச்சேரப் பத்துக்கணக்கான மைக்ரோ நொடிகள் ஆகும். கொத்துக் கணினிகளுக்கென்றே உள்ள அதிவேக இணைப்பான இன்ஃபினிபேண்டில் ஓரிரு மைக்ரோ நொடிகளே போதும். கோர்களைச் சற்றுக் குறைத்து அந்தப் பணத்தை இன்ஃபினிபேண்டில் போடுங்கள் என்று தாமாகவே சொன்னவர்கள் இந்தத் திருச்சி நிறுவனத்தார் மட்டுமே. 1994இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 செயலி கொண்ட 16 சாதாரணக் கணினிகளை ஈதர்நெட்டில் கோத்துத் தொடங்கிவைத்த வழிதான் இந்தக் கொத்து முறை என்றாலும், எங்கள் கணக்குக்கு அந்த ஈதர்நெட் இணைப்பு போதாது.

லினக்ஸ் இயங்குதளம், கணுக்களுக்கிடையே செய்தி கைமாற்றும் எம்பிஐ, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் ஆகியவற்றின் நிறுவலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதிகம் பாராட்ட வேண்டியது படமாக்கும் ஏற்பாட்டை. ஒரு டெராபைட் விடைக்கோப்புகளைக் கிகாபிட் கம்பி வழியே மேசைக் கணினிக்கு நகலெடுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எடுத்த பிறகும் அதன் நினைவகம் அவற்றைத் தாங்காது. ஜிபியு (வரைகலைச் செயலி) பொருத்திய ஒரு கணுவில், பாராவியூ என்ற படமாக்கும் மென்பொருளின் சர்வர் பகுதியை ஓடவிட்டு, தரவு இருக்கும் இடத்திலேயே படத்தை வரைந்து, வரைந்த படத்தை மட்டும் எங்கள் திரைக்கு அனுப்பும்படி அமைத்திருக்கிறார்கள். கோடியக்கரைப் பக்கம் நீர்மட்டம் உயர்வதைச் சுட்டியால் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான், ஓர் உப்பனாற்று முகத்தில் எங்கள் வலையின் முக்கோணங்கள் மிகவும் பெரிதாக இருந்ததே தெரிந்தது. எண்களின் அட்டவணையை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சறுக்கியது அறை விஷயத்தில். ஏசியின் குளிர்காற்று, கணுக்களை அடுக்கிய ரேக்கின் பின்புறத்தில், அதாவது வெப்பம் வெளியேறும் பக்கத்தில் போய் மோதும்படி மாட்டிவிட்டார்கள். முன்பக்க விசிறிகள் வெதுவெதுப்பான காற்றையே இழுத்ததால், மே மாதத்தில் செயலிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. ரேக்கைத் திருப்பி வைத்தபின் அது சரியாயிற்று. இதைவிடப் பெரிய குறை, யுபிஎஸ் சர்வர்களை மட்டுமே தாங்குவது: மின்சாரம் போனால் ஏசி நின்றுவிடும், கணுக்களோ முழு வீச்சில் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். டெல்டாவின் மின்வெட்டை அறிந்தவர்கள் ஏசிக்கும் ஜெனரேட்டர் இணைப்பைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பிறகு தனிச்செலவில் போட்டோம்.

திருச்சி என்ஐடியில் 2022 முதல் 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறனுடன் ‘பரம் பொருள்’ என்ற மீத்திறன் கணினி இருக்கும்போது தனிக் கொத்து எதற்கு என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான கோர்கள் வேண்டிய பெரிய ஓட்டத்துக்கு அத்தகைய இயந்திரமே சரி. ஆனால் வலையை மாற்றுவது, ஓட்டுவது, படத்தைப் பார்ப்பது, மறுபடி மாற்றுவது என்று நாள் முழுவதும் நடக்கும் சில்லறை வேலைக்குப் பொது வரிசையில் காத்திருப்பது கட்டுப்படியாகாது.

பராமரிப்பு ஒப்பந்தத்தை இந்த நிறுவனத்துடனேயே புதுப்பிக்கிறோம். புதிதாக வாங்குபவர்கள் காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும் என்பதை வரைபடத்தில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுப்பது நல்லது.