அங்கீகார எண் முதல் பகுதிக்கு, விற்ற மனை இரண்டாம் பகுதியில்: புதுக்கோட்டையில் மனை வாங்குவோர் கவனத்திற்கு

புதுக்கோட்டை மாநகராட்சியாகப் போகிறது என்ற அறிவிப்பு 2024-இல் வெளியானதும், நகரைச் சுற்றியுள்ள புஞ்சைகளில் மஞ்சள் சாயம் பூசிய கற்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. அப்படி ஒரு கல்லருகே நின்று முன்பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையிலிருந்து பதினொரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த இடத்தில் இன்று ஒரு கழிவறை கட்டுவதற்குக்கூட எனக்கு அனுமதி கிடைக்காது. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

விற்பனையாளர் கொடுத்த வழுவழுப்பான வண்ணத்தாளில் மனைகள், முப்பதடிச் சாலைகள், பூங்கா எல்லாம் வரையப்பட்டிருந்தன. அடியில் சிவப்பு எழுத்தில் டிடிசிபி, அதாவது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண் அச்சாகியிருந்தது. அது உண்மையான எண்தான், நானும் சரிபார்த்தேன். ஆனால் அந்த எண் எந்தெந்தப் புல எண்களுக்கு உரியது என்று பார்க்கத் தவறினேன். சாலையோரம் இருந்த முதல் பகுதிக்குப் பெற்ற அங்கீகாரத்தைக் காட்டி, அதன் பின்னால் வேறொரு புல எண்ணில் இருந்த இரண்டாம் பகுதியில் எங்களுக்குக் கல் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனையை எப்படிப் பதிவு செய்ய முடிந்தது என்று பலரும் கேட்கிறார்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, விவசாய நிலத்தை அனுமதியின்றி மனைகளாகப் பிரித்து விற்பதைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. அதைத் தாண்டுவதற்கு அவர்கள் கையாண்ட வழி என் பத்திரத்தின் சொத்து விவரத்திலேயே இருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு சதுர அடி மனை என்று பேசி முடித்த இடம், அங்கே ‘புஞ்சை ஐந்தரை சென்ட்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. மனை எண் இல்லை, மனைப்பிரிவின் பெயர் இல்லை, சாலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் சென்ட் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். “விவசாய நிலம்னா வழிகாட்டி மதிப்பு கம்மி சார், உங்களுக்குத்தான் செலவு மிச்சம்” என்றார் உடன் வந்தவர். அரசு நிர்ணயிக்கும் அந்த மதிப்பின்மேல்தான் முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பேசாமல் கையெழுத்திட்டேன்.

மாதங்கள் கழித்து, வீடு கட்டுவதற்காக ஒரு பொறியாளரிடம் போனேன். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியிலேயே அனுமதி பெறலாம் என்பதால், வேலை சுலபமாக முடியும் என்று நம்பியிருந்தேன். பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “ஐயா, இது மனையே இல்லையே” என்றார். நகர வளர்ச்சிக்கான முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நில உபயோக வரைபடத்தில் எங்கள் புல எண் விவசாயப் பகுதியில் இருப்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். சற்றுத் தள்ளியுள்ள கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் அந்த வழியாகத்தான் செல்கிறது. எங்கள் வண்ணத்தாளில் அது சாலையாக வரையப்பட்டிருந்தது.

இந்த ஊரில் இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நேரான அகன்ற வீதிகளை அமைத்தபோது, புதுக்குளத்தையும் சேர்த்தே சீரமைத்தார்கள். நகரம் எந்தப் பக்கம் வளரலாம், எந்த நிலம் தண்ணீருக்கும் பயிருக்கும் விடப்பட வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுப்பதற்குத்தான் முழுமைத் திட்டம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. அதை மறைத்து விற்றது அவர்களின் குற்றம்.

அங்கீகாரம் இல்லாத மனையைப் பிறகு கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். அங்கீகாரமற்ற மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகள், 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே பொருந்தும். சாலையையும் நம்ப முடியாது. அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்காவையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். எங்கள் இடத்தில் முப்பதடிச் சாலை இன்னமும் விற்றவரின் பட்டாவிலேயே இருக்கிறது. நாளை அவர் வேலி போட்டு அடைத்தால், என் நிலத்துக்குப் போக எனக்கு வழி கிடையாது.

வாங்குவதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் மனை எண்ணும் புல எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு நேரில் சென்று, அந்தப் புல எண் எந்த நில உபயோகத்தில் வருகிறது, உத்தேசச் சாலை ஏதும் அதன்மேல் செல்கிறதா என்று கேளுங்கள். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஆணையத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாகத் தேடிப் பார்க்கலாம். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். என்னுடையதில் ஒரு வில்லங்கமும் இருக்கவில்லை.

நானும் அதே இடத்தில் வாங்கிய வேறு சிலரும் சேர்ந்து ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம், விசாரணைக்காகக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் சென்ற வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வரத்துக்காலுக்கு அப்பால் மூன்றாம் பகுதிக்குக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு வண்ணத்தாள் கொடுத்தார்கள். அடியில் அதே சிவப்பு எண் இருந்தது. அங்கே முன்பணம் கொடுத்திருப்பவர்கள், பத்திரம் பதிவதற்கு முன் சொத்து விவரத்தில் ‘மனை’ என்ற சொல் இருக்கிறதா என்று தயவுசெய்து படித்துப் பாருங்கள்.